காப்பு அவிழ்க்கும் வரை

கால் நாட்டிய பிறகு ஊரில் சாவு விழக்கூடாது. விழுந்தால் கொடை நின்றுபோகும். எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு அதுதான் முதல் சட்டம்.

கொடை என்பது அம்மனுக்கு ஊர் எடுக்கிற திருவிழா, சித்திரையில் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை கோயில் முன்னால் கம்பு நடுவார்கள். வேப்பங்குழை கட்டி, மஞ்சள் துணி சுற்றுவார்கள். அதுதான் கால்நாட்டு. அன்றைக்கே சாமியாடியின் கையில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டுவார்கள். மறு செவ்வாய் கொடை. அதற்கு மறுநாள் மஞ்சள் நீராடி, முளைப்பாரியை ஆற்றில் கரைத்து, காப்பை அவிழ்ப்பார்கள். அதுவரைக்கும் ஊரில் தாளிப்பு கிடையாது. கவிச்சி கிடையாது. வெளியூர் போனவன் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

இதெல்லாம் நம் கையில் இருக்கிற காரியம். சாவு நம் கையில் இல்லை. அதற்கும் ஊர் ஒரு வழி வைத்திருந்தது. காதில் விழுந்தால்தான் தீட்டு. ஒருத்தர் வாயால் சொல்லி இன்னொருத்தர் காதால் கேட்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் சாவு இல்லை, தீட்டும் இல்லை. காப்பு அவிழ்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அழுதுகொள்ளலாம்.

நான் சொல்வது ஜெர்மன் சண்டைக்கு முந்தி. கொல்லத்துக்கு ரயில் விட்டுச் சில வருசம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் முக்கூடலுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில். அந்த வருசம் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். மேற்கேயிருந்து வாந்திபேதி ஊர் ஊராக இறங்கி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் வாயில் எந்நேரமும் வருகிற ஏச்சு, பேதியில போவா என்பது. அந்த வருசம் அதை யாரும் வாயில் எடுக்கவில்லை. கோழியைக்கூட வேறு சொல்லித்தான் விரட்டினோம்.

அதற்கு முந்தி சில வருசமாக எங்கள் ஊரில் கொடை நடக்கவில்லை. மேலத்தெருவுக்கு முதல் திருநீறா, கீழத்தெருவுக்கு முதல் திருநீறா என்று சண்டை. பக்கத்து ஊரில் பிணம் விழுந்ததும் சண்டை தீர்ந்துவிட்டது. அம்மனைப் பட்டினி போட்டோம், அதான் கோபமாக வாராள் என்று பேசினார்கள். கொடை கொடுத்தால் ஊர் எல்லையில் நின்றுகொள்வாள் என்றார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய.

சர்க்கார் ஆள் ஒருத்தன் குப்பியோடு வந்து கிணறுகளில் மருந்து போட்டான். தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. கோயில் கிணற்றுப் பக்கம் போனபோது ஊர்ப்பெரியவர் மறித்தார்.

“இது அம்மன் குளிக்குத தண்ணி, லே. அவளுக்கே மருந்து குடுக்க வந்துட்டியா? அவளுக்கு என்னலே சீக்கு?”

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருந்துக்காரனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு ரெண்டு பிள்ளை அப்போது. மூத்தவள் பெண். கீழே ஒரு பையன், பால்குடி. மூத்தவளுக்கு அந்த வருசம்தான் முதல் முளைப்பாரி. வயசுக்கு வராத பெண்பிள்ளை இருக்கிற வீடெல்லாம் ஒரு சட்டி போட வேண்டும். சட்டியில் சாணிப்பொடியும் வைக்கோலும் பரப்பி, பயறும் மொச்சையும் தூவி, இருட்டு அறையில் அடைத்து வைப்பது. வெளிச்சம் படாததால் பயிர் வெள்ளையாக நெடுநெடுவென்று வரும். அதைக் கொடையன்று தலையில் தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். யார் சட்டி நன்றாக வருகிறதோ அந்த வீடு நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். போட்ட சட்டியைத் தூக்காமல் விடக்கூடாது. தூக்காவிட்டால் அந்த வீட்டில் என்ன என்று கேள்வி வரும்.

சட்டிகள் எல்லாம் என் மதினி வீட்டில் இருந்தன. என் வீட்டுக்காரருக்கு மூத்த சகோதரி அவள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை. மூன்று வீடு தள்ளி இருந்தாள். முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு. கொடை முடிகிறவரை அவள் தீட்டு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது.

விதை போட்ட அன்றைக்கு என் மகள் அவளிடம் போய் நின்றாள்.

“அத்தை, என் சட்டியை அந்த மூலையில வையுங்க. அங்கனதான் நல்ல இருட்டு.”

“வெவரத்தைப் பாரு. எல்லாரும் மூலை கேட்டா நான் அத்தன மூலைக்கு எங்கன போவேன்? வீட்டையே கோணலாத்தான் கட்டணும்.”

“நான் ஒங்க மருமவ லா.”

“ஒன்னை மருமவளாக் கேக்க எனக்கு ஒரு மவன் இல்லியேட்டி. போ, வச்சுத் தொலைக்கேன்.”

மூலையில்தான் வைத்தாள்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு ராவுத்தர் தலைச்சுமையாகத் துணி கொண்டு வருவார். அவரிடம் மகளுக்கு ஒரு சிற்றாடை எடுத்தேன். சிவப்பு, மஞ்சள் கரை. அவள் அப்போதே உடுத்துவேன் என்று நின்றாள். கொடையன்றைக்கு உடுத்தலாம் என்று பானைக்குள் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சாயங்காலம் பிள்ளைகள் மதினி வீட்டு முற்றத்தில் கும்மி அடிக்கும். முளைப்பாரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கோயில் கிணற்றுத் தண்ணீர். சுத்தமாக இருக்க வேண்டும் என்று அதைத்தான் எடுப்பார்கள். ஆடின தாகத்தில் பிள்ளைகள் அதையே மொண்டு குடிக்கும். அதுதானோ என்று பின்னால் தோன்றியது. அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை கும்மி அடித்துவிட்டு வந்த மகள் சோறு வேண்டாம் என்று படுத்தாள். விடியும்போது கக்கலும் கழிச்சலும். கண் குழிந்துவிட்டது. தண்ணி, தண்ணி என்றாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை. பாளையங்கோட்டை ஆசுபத்திரிக்கு வண்டி கட்டலாமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் மாட்டைப் பிடிக்கத் தொழுவத்துக்குப் போனார். வண்டியைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு வாய் திறந்தது. அவர் ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். நான் அவர் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை.

“காப்புக்குள்ள இருக்கோம்” என்றார்.

வண்டி பூட்டியதைப் பார்த்துவிட்டு மதினி வந்தாள். வாசலோடு நின்றாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி” என்றேன்.

“வாயைத் திறக்காத.”

“மதினி, பிள்ளை...”

“சொல்லாதட்டி! நீ சொல்லலை, நான் கேக்கலை. ஊரு பூரா அம்மன் கோவத்துக்குப் பயந்து கெடக்கு. கால் நாட்டியாச்சு. இப்ப கொடை நின்னுட்டுன்னா ஒவ்வொரு வீடாப் போவும். ஒன் மடியில இன்னொண்ணு கெடக்கு, பாத்துக்கோ.”

மடியில் பையன் கிடந்தான்.

அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கை. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். தெருவில் நேராகத்தான் நடந்தாள். மூன்று வீடு தாண்டி, தன் வீட்டையும் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து உள்ளே போனாள்.

நானும் என் வீட்டுக்காரருமே பிள்ளையைக் குளிப்பாட்டினோம். பானையிலிருந்து சிற்றாடையை எடுத்தேன். அவர் வேண்டாம் என்றார்.

“எருவுக்கு அடியில புதுத்துணி வேண்டாம்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய துணியைச் சுற்றிக் கொடுத்தேன். கடவாப்பெட்டியில் வைத்தார். எரு அள்ளுகிற பெரிய ஓலைப்பெட்டி அது. மேலே வைக்கோல் பரப்பி, அதன் மேல் ரெண்டு கை எரு போட்டார். மண்வெட்டியைப் பெட்டியின் குறுக்கே வைத்துத் தலையில் தூக்கினார். உச்சி வெயில். பிள்ளைகளைப் புதைக்கிற இடம் ஆற்றங்கரை மருதமரத்தடியில் இருந்தது. அதற்கு எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அறுப்பு முடிந்து வயல் எல்லாம் காய்ந்து கிடக்கிற காலம். எருவுக்கு அங்கே வேலை இல்லை. தெருமுனையில் ஒருத்தர் எதிரே வந்தார்.

“என்ன வே, வயலுக்கா?”

“ஆமா.”

“இந்த வெயில்லயா?”

“ஆமா.”

அந்த ஆள் கொஞ்சம் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிணம் போனால் அப்படித்தான் வழிவிடுவார்கள். பிறகு, “பாத்துப் பைய போரும்வே” என்று சொல்லி ஓரமாக ஒதுங்கினார். அதற்குப் பிறகு தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் கோலம் போட்டேன். போடாவிட்டால் சொன்னதாக ஆகிவிடும். அடுப்பு மூட்டினேன். பையனுக்குப் பால் கொடுத்தேன். மகள் பேரை நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ராத்திரியில் அழலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சேலைத்தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

சாயங்காலம் கும்மிக்கு ஆள் வர வேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் தாய் போகலாம். போனேன். நடுவிலே சட்டிகளை வைத்துச் சுற்றி ஆடினோம். என் ரெண்டு பக்கமும் நின்றவர்கள் எப்போதும் வாய் மூடாதவர்கள். அன்றைக்கு ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு கை தட்டினார்கள். மதினி மூலையிலிருந்த சட்டியைத் தனியாகத் தூக்கி வந்து வைத்தாள். மற்றச் சட்டியை எல்லாம்விட அதுதான் உசரம்.

“நல்லா வந்திருக்கு” என்று ஒரு பெண் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியக்கொடை. நையாண்டி மேளம் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் புதுசு உடுத்தி, தலையில் சட்டியோடு வரிசையாக நின்றன. கடைசியில் நான் நின்றேன். என் மகள் சட்டி என் தலையில். பயிர் என் கண்ணுக்கு முன்னால் தொங்கி ஆடியது. வெள்ளையாக இருந்தது.

சாமியாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயசானவர். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல். காவலுக்குக் கிடப்பார். என் மகள்தான் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் அவளை ஆத்தா என்று கூப்பிடுவார். காப்பு கட்டினதிலிருந்து அவர் கோயிலை விட்டு வெளியே வரக்கூடாது. ஒரு நேரம் பச்சரிசிச் சோறு. யாரும் அவரிடம் ஊர்ப்பேச்சுப் பேசமாட்டார்கள். அதனால் ஊரிலே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது.

மேளம் ஏறியது. சாமி வந்துவிட்டது. மஞ்சள் பூசி, பட்டு உடுத்தி, கையில் வேப்பங்குழையோடு ஆடிக்கொண்டே வந்தார். முளைப்பாரி வரிசையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் திருநீறு பூசினார். குலவை கேட்டபடி இருந்தது. கடைசியில் என் முன்னால் வந்தார். திருநீற்றை எடுத்த கை அப்படியே நின்றது.

“இது பிள்ளை தூக்குத சட்டி லா?” என்றார். அம்மன் பேசுகிற குரல். “இது எம்பிள்ளை சட்டி லா? எனக்கு மோர் தந்த பிள்ளை எங்க?”

மேளக்காரனுக்கு எங்கள் ஊர் விசயம் தெரியாது. அவன் இன்னும் ஓங்கி அடித்தான். பெரியவர் கை காட்டி நிறுத்தினார். சத்தம் நின்றுபோனது. ஊர் பூராவும் அங்கேதான் நின்றது.

“கேக்கேன் லா? எங்க எம்பிள்ளை?”

பொய் சொன்னால் சாமியிடம் பொய் சொன்னதாகும். நிஜத்தைச் சொன்னால் ஊர் காதில் விழும். கம்பைப் பிடுங்க வேண்டும். பிறகு யார் வீட்டில் யார் போனாலும் என் வாயால் போனதாகும். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். கையில் துணி சுற்றியிருந்தது. நான் கடித்த கை.

“ஒங்கிட்டதான் இருக்கா, தாயே” என்றேன். “வெள்ளிக்கிழமையே வந்துட்டா. இனிமே நீதான் பாத்துக்கணும்.”

சாமியாடி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் பைய நின்றது. அம்மன் கண்ணாக இருந்தது, மோர் வாங்கிக் குடித்த மனுசன் கண்ணாக மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போதுதான் மதினி குலவை போட்டாள். ஒருத்தியாகப் போட்டாள். நான் அவ்வளவு உசந்த குலவையைப் பிறகு கேட்டதில்லை. மூச்சு வாங்காமல் போட்டாள். அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மேளமும் சேர்ந்துகொண்டது. அந்தச் சத்தத்தில் சாமியாடி என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. என் நெற்றியில் திருநீற்றைப் பூசினார். பூசிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் மயக்கம் என்று தண்ணீர் தெளித்துத் தூக்கிப் போனார்கள்.

நான் சொன்னது சொன்னதாகுமா, ஆகாதா என்று ஆண்கள் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பேசினார்கள். செத்துட்டா என்று சொல்லவில்லையே என்றார் ஒருத்தர். வேறு என்ன வே சொன்னா என்றார் இன்னொருத்தர். பெரியவர் முடித்துவைத்தார். “அம்மன் கேட்டா. அவ பதில் சொன்னா. நமக்கு என்ன வே அதுல?” கொடை நடந்தது.

மறுநாள் மஞ்சள் நீராடினோம். எல்லாருடைய சேலையும் மஞ்சளாக நனைந்திருந்தது. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் குறைச்சல் என்பதால் பயிர் மிதந்து போகவில்லை. அங்கங்கே மணலில் சிக்கிக் கிடந்தது. நான் என் சட்டியைக் கவிழ்த்தபோது வேரோடு ஒரே கட்டியாக விழுந்தது. கையால் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரில் விட்டேன். கோயிலில் காப்பு அவிழ்த்தாயிற்று என்று மேளம் அடித்தது.

மேளம் நின்ற பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர்கள் அழலாம்.

“எம்பிள்ளை செத்துட்டா” என்றேன்.

மதினி மணலில் விழுந்தாள். மாரில் அடித்துக்கொண்டு, என் மகள் பேரைச் சொல்லி அழுதாள். பெண்கள் எல்லாரும் அந்த மஞ்சள் சேலையோடே வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். நானும் அவள் பேரைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றைக்குச் சொன்னதோடு சரி. இங்கே அதைச் சொல்லவில்லை.

எழுந்து வீட்டுக்குப் போனபோது எல்லாரும் என்னை விட்டு ஒதுங்கி நடந்தார்கள். முந்தின நாள் வரை என்னோடு கும்மி அடித்தவர்கள். கோபமில்லை. சொல்லியாயிற்று, தீட்டு வந்துவிட்டது. அதுதான் முறை. எங்கள் வீட்டிலிருந்து யாரும் நெருப்பு எடுக்கவில்லை. நாங்கள் பொதுக்கிணற்றுக்குப் போகவில்லை.

அந்தச் சித்திரையில் கீழத்தெருவில் இன்னும் ரெண்டு பேர் போனார்கள். ஆனியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. சீக்கு நின்றது. கொடை நடக்காவிட்டால் ஊரே போயிருக்கும் என்றார்கள். இருக்கலாம். மறு வருசம் மருந்துக்காரன் வந்தபோது பெரியவரே அவனைக் கோயில் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். சிரிக்கவில்லை.

தீட்டுக் கழிந்த பிறகு சாமியாடி எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அம்மா, சாமி வந்தா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அன்னைக்கு ஒன்கிட்ட நான் என்னமோ கேட்டேம்னு சொல்லுதாவ. என்ன கேட்டேன்?”

“ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி. திருநீறு பூசினீய.”

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

“மோர் இருக்கா?” என்றார்.

கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

கல்யாணமாகும் முன்பே செத்துப்போன பெண்பிள்ளையை எங்கள் பக்கத்தில் வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் அவளுக்கு உடுப்பு, வளையல், சீப்பு வைத்து, வருசத்தில் ஒரு நாள் விளக்கேற்றுவது. நான் அந்தச் சிவப்புச் சிற்றாடையை வைத்தேன். மறு சித்திரை வந்தபோது எந்த நாள் கும்பிடப் போகிறாய் என்று மதினி வாசலில் வந்து கேட்டாள். ஊர்க் கணக்கில் என் மகள் செத்தது புதன்கிழமை, காப்பு அவிழ்த்த பிறகு.

“வெள்ளிக்கிழமை” என்றேன். “கொடைக்கு முந்தின வெள்ளி.”

“அது காப்புக்குள்ள லா வருது? காப்புக்குள்ள செத்ததைக் கும்பிடலாமா?”

“செத்துட்டாளா? அன்னைக்குச் செத்தவ யாரு மதினி? நீங்கதான் கேக்கலைன்னு சொன்னீய.”

மதினி திரும்பிப் போனாள். அந்த வருசமும் முளைப்பாரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான். வெள்ளிக்கிழமை உச்சியில் வெயில் ஏறின நேரத்தில் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்தாள்.